முதுகு காட்டும் ரொட்டி

தச்சன் ஓகுன்ஜான் தன் வீட்டு முற்றத்துக் கொட்டகையில் செய்து அனுப்பிய அலமாரி எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை. இது வந்துவிடும் போலிருந்தது.

மர்கிலான் ஊர்ச் சந்தையில் புதிதாக ரொட்டிக் கடை வைத்திருந்த சபோஹத், அவன் உள்ளே வந்ததும் வராததுமாகச் சொன்னாள்.

"அண்ணே, வெள்ளிக்கிழமைக்குள்ள இத எடுத்துட்டுப் போயிருங்க."

"ஏன் தங்கச்சி, ஆடுதா? கோணலா?"

"ஆடவும் இல்ல, கோணலும் இல்ல. நான் அச்சுக் குத்துன முகம் தெரிய அடுக்குற ரொட்டி கொஞ்ச நேரத்துல முதுகு காட்டிட்டு நிக்குது. கவுந்த ரொட்டி இருக்குற கடையில யாரு வாங்குவா? பாத்ததும் மூஞ்சியச் சுளிச்சிட்டுப் போயிடறாங்க."

"யாரு திருப்புறா?"

"தெரிஞ்சா விடுவேனா? கூட்டத்துல யாரு கை எங்க போகுதுன்னு நான் எதக் கண்டேன். பக்கத்துக் கடை துர்குன் சொல்றான், உங்க மரத்துல ஜின் இருக்காம்."

"அவன் விக்கிற செருப்புலதான் இருக்கு. போட்ட மறுநாளே வாயப் பொளக்குது."

அவள் சிரிக்கவில்லை. அந்த வரிசைக் கடைக்காரர்கள் எல்லாரும் இவளுடைய அலமாரியைப் பார்த்துவிட்டுத்தான் தங்களுக்கு மர அலமாரியா, பட்டறையில் செய்யும் இரும்பு அலமாரியா என்று முடிவெடுப்பதாக இருந்தார்கள். இது திரும்பினால் அத்தனை வேலையும் போய்விடும். அது ஓகுன்ஜானுக்குத் தெரியும். ஆனாலும் அந்த நேரத்தில் அவனைக் குடைந்தது வேறு. ரொட்டியைக் குப்புற வைப்பதே பாவம் என்கிற இந்த ஊரில் எவனுக்கு அப்படிச் செய்ய மனசு வரும்?

அலமாரியைத் தடவிப் பார்த்தான். வால்நட் சட்டம். ரொட்டிகள் சாய்ந்து நிற்க வரிசையாக மரமுளைகள். அவற்றுக்குப் பின்னால், கொஞ்சம் இடைவெளி விட்டு, ஒரு பெரிய கண்ணாடி. கடை நிறைந்து தெரியட்டும் என்று அவனாக யோசித்து வைத்தது. முளைகள் உறுதியாக இருந்தன. எந்த ரொட்டியும் தானாகத் திரும்ப வழியில்லை.

முக்காலியை அலமாரிக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தான். ரொட்டிகளையே கண்ணெடுக்காமல் பார்த்தான். வந்தவர்கள் அவனை ஒரு பார்வை பார்த்தார்கள், ரொட்டியை வாங்கினார்கள், போனார்கள். ஒன்றும் திரும்பவில்லை.

"நீங்க இப்படி மொறச்சிட்டு உக்காந்தா ஜின்னே பயந்துரும். போய் டீ குடிச்சிட்டு வாங்கண்ணே."

போனான். பச்சைத் தேநீர் ஆறிப்போகும்வரை கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பியபோது கடையில் கூட்டம். பக்கவாட்டு வாசல் வழியாக, தோள்களுக்கு நடுவே, அதே யோசனையோடு நுழைந்தான். ஓரமாக ஒரு ரொட்டி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அடடா என்று மனசு சொல்வதற்குள் கை நீண்டு அதைத் திருப்பியிருந்தது.

"அண்ணே! நீங்களா?"

சபோஹத்தின் குரலில் கூட்டமே திரும்பியது. அவன் ரொட்டியைப் பார்த்தான். அச்சுக் குத்திய முகம் கண்ணாடிக்குள் இருந்தது. அவன் விரல்களுக்கு அடியில் இருந்தது வெறும் முதுகு.

வாசல் பக்கமாகப் பின்வாங்கி அலமாரியை நோக்கினான். கொட்டகையில் எப்போதும் நேர் எதிரே நின்றுதான் பார்த்திருந்தான். அங்கிருந்து பார்த்தால் ரொட்டி தன் பிம்பத்தைத் தானே மறைத்துக்கொள்ளும். பக்கவாட்டு வாசலிலிருந்து வருகிறவன் கண்ணில் முதலில் படுவது கண்ணாடிதான், அதில் வரிசையாக முதுகுகள். கவிழ்ந்த ரொட்டியைக் கண்டால் இந்த ஊரில் யாரும் யோசிக்காமலே நிமிர்த்தி வைத்துவிடுவார்கள். யோசிக்காமல் செய்ததை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

"நான் மட்டும் இல்ல தங்கச்சி," என்றான். "ஊரே திருப்பியிருக்கு."

அவள் நம்பவில்லை. வெளியே போய், வாசல் வழியாகப் புதிதாக வருகிறவள் போல வந்தாள். பாதியில் நின்றாள். அவளுடைய கையும் கொஞ்சம் எழுந்திருந்தது. "அட கடவுளே," என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவன் திருப்புளியை எடுத்தான். கண்ணாடி கழன்றதும் பின்னால் இழைக்காத பலகை சொரசொரவென்று தெரிந்தது. யாரும் பார்க்கப்போவதில்லை என்று அப்படியே விட்டிருந்தது.

"வரிசைக்காரங்க நாளைக்கு வந்து பாக்கட்டும்," என்றாள் சபோஹத், ரொட்டிகளை மறுபடி அடுக்கியபடி. "அதுக்குள்ள அந்தப் பலகைய மட்டும் இழைச்சிருங்க. பாக்கச் சகிக்கல."

ஓகுன்ஜான் தலையாட்டினான். அது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. அவன் வெளியே போய் மறுபடி வாசல் வழியாக உள்ளே வந்துகொண்டிருந்தான், தன் கையையே பார்த்தபடி. அது சும்மா இருந்தது.