லிஃப்டுக்குள் ஓர் அலறல், பதினோரு பதிப்புகள்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. என் ஃபிரிட்ஜ் படுத்துக்கொண்டதால் அது தானாக வீடு தேடி வந்தது. பழுது பார்க்க வந்த மெக்கானிக்கைப் பட்டறையில் 'கம்ப்ரஸர்' என்று கூப்பிடுவார்களாம். ஓட ஆரம்பித்தால் நிற்காது, வாயைச் சொல்கிறேன். அவர் வேலையை முடிப்பதற்குள் நான் நோட்டில் ஆறு பக்கம் எழுதியிருந்தேன். வெட்கங்கெட்ட தொழில் இது.

2.

முதல் வரி, முதல் முயற்சி: "மனைவி போன பிறகு அவருக்கு மிஞ்சியது அவள் குரல் மட்டுமே, அதுவும்..."

(அடித்துவிட்டேன். கம்ப்ரஸரின் மனைவி கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். எனக்கு நாலு சொட்டுக் கண்ணீர் வேண்டும் என்பதற்காக நன்றாக இருப்பவரைச் சாகடிப்பதா?)

இரண்டாம் முயற்சி: "சேகரிப்பு என்பது மனிதன் காலத்தோடு நடத்தும்..."

(ஐயோ, வேண்டாம்.)

3.

நேராகவே சொல்கிறேன். கம்ப்ரஸரின் அலமாரியில் ஒரே படம் பத்து முறை இருந்தது: கேசட் இரண்டு, சிடி இரண்டு, டிவிடி நான்கு, புளூரே இரண்டு. அந்தக் காலத்து முகமூடி வீரன் படம், தமிழில் டப் செய்தது.

அதில் ஒரு கட்டம். லிஃப்ட் அறுந்து விழும். உள்ளே ஒரு பெண் அலறுவாள். வீரன் தோள் கொடுத்து நிறுத்துவான். அந்த அலறல் தன் மனைவியுடையது என்று கம்ப்ரஸர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். கல்யாணத்துக்கு முன் டப்பிங் அரங்கில் குரல் கொடுத்தவர் அந்த அம்மாள்.

கேசட்டிலும் சிடியிலும் அது கரகரவென்றுதான் கேட்கும். டிவிடி வந்தபோது ஒலியைச் சுத்தம் செய்கிறோம் என்று வேறு யாரையோ அலறவைத்துவிட்டார்கள். அன்று பிடித்தது சனி. எந்தப் பதிப்பு வந்தாலும் வாங்குவார். நேரே நாற்பத்தோராவது நிமிடத்துக்குப் போவார்.

"இவளும் கத்துறா பாரு, கொசு கடிச்ச மாதிரி."

"வீட்ல நான் கத்துறது பத்தலையா?" என்பார் மனைவி.

4.

பதினோராவது பெட்டியின் மேல் 'பழைய தமிழ் டப்பிங்கும் உண்டு' என்று போட்டிருந்தது. ஞாயிறு மத்தியானம் ஓடவிட்டார். லிஃப்ட் அறுந்தது. அதே பழைய அலறல்! மனிதர் சோபாவில் ஏறி நின்று மச்சானுக்குப் போன் போட்டார்.

"மாப்ள, உங்க அக்கா திரும்ப வந்துட்டா!"

மனைவி கையைத் துடைத்தபடி வந்தார்.

"முதல்ல போனை வைங்க. அது நான் இல்லீங்க."

"என்னது?"

"அன்னிக்கு எனக்குத் தொண்டை கட்டிருச்சு. மூணு தடவை கத்திப் பார்த்தேன், வரல. கடைசில சவுண்ட் இன்ஜினியரே கடுப்பாகி மைக்ல கத்திட்டாரு."

"ஆம்பளையா?"

"மீசை வேற."

(இங்கே அவர் உடைந்து அழுதார் என்று எழுதியிருந்தேன். கேட்டதற்கு, "யார் சார் அழுதா? டிவியை ஆஃப் பண்ணேன், அவ்ளோதான்" என்றார். முகத்தை மட்டும் என் ஃபிரிட்ஜுக்குள் விட்டுக்கொண்டார்.)

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"கல்யாணம் பேசுனப்பவே அது நான்தான்னு நீங்களா முடிவு பண்ணி, அவ்ளோ பெருமையாச் சொல்லிட்டுத் திரிஞ்சீங்க. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீங்க பெட்டி பெட்டியா வாங்க ஆரம்பிச்சிட்டீங்க."

5.

எல்லாவற்றையும் பழைய பேப்பர்காரரிடம் போட்டார் என்று முடித்துப் பார்த்தேன். என் தங்கை படித்துவிட்டு, "அப்புறம்?" என்றாள். கழுதைக்குப் புத்தி அதிகம்.

அப்புறம் அவர் டிவியை மறுபடி போட்டார்.

"அப்போ இந்தப் படத்துல நீ எங்கதான் இருக்க?"

"லிஃப்ட் கதவைத் திறக்கிறப்ப கூட்டம் வரும்ல? 'நகருங்க, நகருங்க'ன்னு ஏழெட்டுப் பேர் கத்துவோம். அதுல ஒருத்தி."

கம்ப்ரஸர் அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக் கேட்டார். பதினொன்றிலும் அந்தக் கூட்டம் அப்படியே இருந்தது. அலறலை மாற்றினவர்கள் கூட்டத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில் ஓர் இடத்தில் நிறுத்தினார்.

"இதானே?"

மனைவி சொன்ன பதிலை அவர் என்னிடம் சொன்னார். நான் எழுதப்போவதில்லை. 'ஆமா' என்று போட்டால், இன்னொரு பொய்யோ என்பீர்கள். 'இல்ல' என்று போட்டால் என்மேல் பாய்வீர்கள். நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்:

"..............."

நிரப்புமுன் ஒரே ஒரு தடவை அந்த மனிதரைப் பாருங்கள். தரை முழுக்கத் திறந்த பெட்டிகள். நடுவில் ரிமோட்டும் கையுமாக, மூச்சைக்கூட விடாமல், மனைவியின் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.