அரை இஞ்ச் லூஸ்

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். குடலில் ஆபரேஷன் செய்து, மலம் வெளியேற வயிற்றிலேயே ஒரு வழி வைத்து, அதன் மேல் பை ஒட்டி அனுப்பினார்கள். ஆறு வாரமாகப் பை மாற்றுவது நான்தான். முதல் நாள் முகத்தைச் சுளித்தேன். பிறகு அதுவும் இல்லை. பட்டன் தைப்பதுபோல் முடித்துவிட்டு எழுந்துவிடுவேன்.

அந்த வழியைச் சுற்றியிருந்த தோல் மட்டும் வெந்து சிவந்துகொண்டே போனது. தோல் கசிந்தால் பை ஒட்டாது. பை நிற்காமல் பஸ் ஓட்ட முடியாது. அடுத்த மாதம் வேலைக்குத் திரும்பாவிட்டால் டிப்போவில் ஏதாவது நாற்காலி கொடுத்து உட்கார வைத்துவிடுவார்கள். அதற்குச் செத்தே போகலாம் என்பார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்னை மாற்றிக் காட்டச் சொன்னாள். பையின் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுக்கப் போனேன்.

"இழுக்காதீங்கம்மா. ஈரத் துணியால தோலை மெதுவா அமுக்கிட்டே வாங்க, பை தானா விட்டு வரும்."

வந்தது. வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுக்கச் சொன்னாள். பிறகு புதுப் பையில், வயிற்று வழியைச் சுற்றி உட்கார நான் வெட்டியிருந்த ஓட்டையைப் பார்த்தாள்.

"ஏன் இவ்ளோ பெருசு?"

"அரை இஞ்ச் லூஸ் விட்டிருக்கேன். பிடிக்கக் கூடாதில்ல."

இருபது வருடமாகத் தையற்காரி நான். லூஸ் விடாமல் கத்திரி வைத்ததே இல்லை. முதல் வாரம் எடுத்த அளவை நோட்டில் குறித்து, அதையே வெட்டிக்கொண்டிருந்தேன்.

"இது ஜாக்கெட் இல்லம்மா. அந்த இடைவெளில மலம் பட்டுத்தான் தோல் வேகுது. சுத்தி ஒரு நூல் இடம் போதும். ஆபரேஷன் வீக்கம் வத்திட்டே வரும், ஒவ்வொரு தடவையும் அளந்து வெட்டுங்க."

அழுகை வரவேண்டிய இடம். வரவில்லை. யாரோ யாருக்கோ செய்த தப்பைக் கேட்பதுபோல் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் அவரிடம் கேட்டேன். "எரியலையா உங்களுக்கு?"

"எரிஞ்சுது."

"தினம் கேட்டேனே. இல்லன்னீங்களே."

"நீ அளந்து வெட்டினது. என் உடம்புதான் ஒத்துக்கலன்னு நினைச்சேன்."

மறுநாள் காலை, அவர் சாப்பிடுமுன், அளந்து வெட்டி ஒட்டினேன்.

"எரியுதா?"

"இல்ல."

நான் நகரவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"கொஞ்சம் எரியுது" என்றார்.

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.