மாடியில் நாய்

"அவங்க கிளம்புற வரைக்கும் ஒரு சத்தம் வரக் கூடாது. இருமல் வந்தாலும் தலையணைக்குள்ள இருமு."

மகனிடம் இப்படிச் சொல்லிவிட்டு, எர்மிலா மொட்டைமாடி அறையை வெளியே தாழிட்டாள்.

உள்ளே இருந்தவன் வில்பர். பெரு நாட்டின் அரெகிப்பா நகரில் பொறியியல் மாணவன். தூக்கமில்லாமல், காரணமில்லாமல் அழுது, கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்து, மாத்திரைகளோடு திரும்பியவன். தெருவைப் பொறுத்தவரை அவன் ஸ்பெயினில் படிக்கிறான்.

"அவனும் கீழ வந்து சாப்பிட்டா என்னம்மா?" என்றாள் அக்கா நெலிதா.

"பைத்தியத்தோட அக்கான்னு தெரிஞ்சா உன்னை எவன்டி கட்டுவான்?"

நெலிதா மேஜையில் நான்கு தட்டுகளை மட்டும் வைத்தாள். ரென்சோவை அவள் உயிராக நேசித்தாள். அவனிடமும் ஸ்பெயின் கதையைத்தான் சொல்லியிருந்தாள். இன்று அவன் தாயோடு பெண் கேட்டு வருகிறான்.

தாய், டாக்டர் ஒஃபேலியா, வில்பர் படித்த பல்கலைக்கழகத்திலேயே மாணவர் நலப் பிரிவின் தலைவி. மனநல வாரத்துக்கான பச்சை ரிப்பன் அவள் கோட்டில் மினுங்கியது. மோதிரப் பெட்டியை மேஜை நடுவில் வைத்துவிட்டு, சாப்பிட்டுக்கொண்டே பிரசங்கம் செய்தாள்.

"பசங்க மனசுல இருக்கறத வீட்டுல சொல்லணும், எர்மிலா அம்மா. இதுல வெக்கப்பட என்ன இருக்கு? மறைக்கிற குடும்பத்துக்குத்தான் முதல்ல வைத்தியம் பார்க்கணும்!"

"ரொம்பச் சரி, டாக்டர்!" என்று எர்மிலா கறி அடைத்த மிளகாய் இன்னொன்றை அவள் தட்டில் வைத்தாள்.

மேலே ஏதோ உருண்டு விழுந்தது. தொடர்ந்து காலடிச் சத்தம்.

"என்ன அது?"

"மாடியில நாய், டாக்டர். சனியன், சும்மா கிடக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். இந்த ஊரில் எந்த வீட்டு மாடியில்தான் நாய் இல்லை?

"ஒரு எலும்பைத் தூக்கிப் போடுங்க, அடங்கிடும்" என்றான் ரென்சோ.

எர்மிலா, பெற்றவள், தட்டுகளில் மிச்சமிருந்த எச்சில் எலும்புகளை வழித்துச் சேர்த்து மகளிடம் நீட்டினாள்.

"போட்டுட்டு வா."

நெலிதா தட்டை வாங்கி மேஜை மேல் வைத்தாள்.

"மேல இருக்கறது நாய் இல்ல. என் தம்பி. மனசு சரியில்லாம இருக்கான். ஸ்பெயின்னு சொன்னதெல்லாம் பொய்."

"அடடா, பாவம்! இதுல என்னம்மா இருக்கு?" என்றாள் ஒஃபேலியா. அவள் கை மட்டும் மோதிரப் பெட்டியைக் கைப்பைக்குள் இழுத்துக்கொண்டது. "அது சரி... இது அம்மா வழியா, அப்பா வழியா? நாளைக்குப் பொறக்கப்போற குழந்தைங்களுக்கும்..."

ரென்சோ கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று அவர்களுக்கு வேறொரு வேலை ஞாபகம் வந்துவிட்டது.

வாசலில் ஒஃபேலியா குரலைத் தாழ்த்தினாள். "மேடை வேற, வீடு வேற. நீ படிச்ச பொண்ணு, உனக்குப் புரியும்."

"புரியுது, டாக்டர். காலேஜுல நீங்க பேசின கூட்டத்துல அவன் முன்வரிசையில உக்காந்திருந்தான். நீங்க சொன்னத நம்பித்தான் வீட்டுல வந்து சொன்னான்."

ஒஃபேலியா காரில் ஏறினாள்.

"குடியைக் கெடுத்துட்டியேடி!" என்று எர்மிலா தலையில் அடித்துக்கொண்டாள். நெலிதா அவளைத் தாண்டி மாடிக்குப் போய்த் தாழைத் திறந்தாள். தம்பியைக் கைபிடித்துக் கூட்டி வந்து, சுத்தமான தட்டு எடுத்து, சூடாகப் பரிமாறினாள்.

வில்பர் சாப்பாட்டைத் தொடவில்லை.

"போயிட்டாங்களா? என்னாலதானே?"

"இல்லடா. நான்தான் வேண்டாம்னுட்டேன். சாப்பிடு."