1901-க்குள் மாற்றவும்

1

ஒரு நாளிதழின் ஞாயிறு மலருக்காக மாதாப்பூர் ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்களைப் பற்றி எழுதப் போனபோது கிடைத்த கதை இது. பலரைச் சந்தித்தேன். அச்சில் வராமல் போனவர் வேதா மட்டும்தான். சைனிக்புரியில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, எந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்கும் சம்பந்தமில்லாத ஒரு வேலையைப் பற்றிச் சொன்னார். ஆசிரியர் அந்தப் பகுதியை வெட்டிவிட்டார். வெட்டியதை எடுத்து, பெயர்களையும் சில விவரங்களையும் மாற்றிக் கதையாக்கிக்கொண்டிருக்கிறேன். நடந்தது 2008 மார்ச்சில்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘நகரம் உறங்கிக்கொண்டிருக்க, ஒரு பெண் மட்டும் காலத்தைக் காவல் காத்தபடி—’

வேண்டாம். வேதா பத்து மணிக்கே தூங்கிவிடுகிறவர். வார நாட்களில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை. இது சனிக்கிழமை வேலை; சம்பளம் கிடையாது.

2

தேதிகளைக் கணக்கிட்டுத் தரும் ஒரு சிறிய மென்பொருள். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். வெவ்வேறு நாடுகளில் இருக்கும் ஒரு சிலர் அதைப் பராமரிக்கிறார்கள். வேதா அவர்களில் ஒருவர். மற்றவர்களின் முகம்கூட அவருக்குத் தெரியாது.

அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புதிய பதிப்பு வெளியாகும் முன் பொறுப்பாளர் (செக் நாட்டுக்காரர்) எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பி, கணினி வகைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். ‘நான் ஓட்டிப் பார்த்தேன், சரி’ என்று ஒருவராவது பதில் எழுதினால் அந்த வகைக்கு ஆதரவு தொடரும். யாரும் எழுதாவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். சான்று கேட்பதில்லை. சொன்னால் போதும்.

(இதைப் பள்ளிக்கூட வருகைப் பதிவோடு ஒப்பிட்டு எழுதி, பிறகு அடித்துவிட்டேன். பள்ளியில் வராதவனுக்கும் சேர்த்து ‘உள்ளேன் ஐயா’ சொல்வோம்.)

வேதா பதில் சொல்வது ஒரு பழைய வகைக்கு. அது ஓடுவது, அவருக்குத் தெரிந்து, நாச்சாரத்தில் ஒரு ரப்பர் தொழிற்சாலையில் மட்டும்தான். பாலத்தின் தூணுக்கும் மேல்தளத்துக்கும் நடுவே வைக்கிற ரப்பர்த் திண்டுகளை அங்கே செய்கிறார்கள். திண்டை அழுத்திச் சோதிக்கும் இயந்திரம் அந்தக் கணினியோடு மட்டும்தான் பேசும். இரண்டையும் தயாரித்த கம்பெனிகள் இன்று இல்லை. சோதனை முடிந்ததும் லேபிள் அச்சாகும்: ‘இந்தத் தேதிக்குள் மாற்றவும்.’ சோதித்த நாளிலிருந்து முப்பது ஆண்டு.*

* அந்தக் கணினி 1970-இன் தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணித் தேதியைச் சொல்கிறது. எண்ணை வைத்திருக்கும் இடம் 2038 ஜனவரியில் நிரம்பிவிடும். அடுத்த நொடி, தேதி 1901-க்குத் தாவும். முப்பது ஆண்டு முன்னால் பார்க்கிற தொழிற்சாலைக்கு அந்த 2038, 2008 ஜனவரியிலேயே வந்துவிட்டது. லேபிள்கள் ‘1901 டிசம்பருக்குள் மாற்றவும்’ என்றன.

3

புதிய பதிப்பு இதைச் சரிசெய்ய வந்ததுதான். எண்ணுக்குப் பெரிய இடம் ஒதுக்கினார்கள். பழைய கணினியில் அவ்வளவு பெரிய எண்ணுக்கு வழியில்லை. பழையதை விட்டுவிடலாம் என்றார் குழுவில் ஒருவர். ‘ஒரே ஒரு கணினிதானே?’

‘ஒன்றுதான். ஓடிக்கொண்டிருக்கிறது’ என்று வேதா பதில் எழுதினார்.

பிறகு அதற்காகத் தனியாக ஒரு வழி செய்தார். நாட்கள் ஒரு பெட்டியில், அன்றைய நொடிகள் இன்னொரு பெட்டியில். நாச்சாரம் போய் ஓட்டிப் பார்த்தார். சோதனைகள் எல்லாம் தேறின. ‘ஓட்டிப் பார்த்தேன், சரி’ என்று எழுதினார். பெயர் பட்டியலில் நின்றது. அடுத்த வாரம் வெளியீடு.

4

உமேஷை என்ன செய்வதென்று எனக்கு வெகுநேரம் தெரியவில்லை. தொழிற்சாலையின் தரப்பிரிவு மேற்பார்வையாளர். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்; அவர் தமிழில் ‘கைக்கு’ (எதற்கு), ‘நக்கோ’ (வேண்டாம்) என்று உள்ளூர் உருது கலந்து வரும். முதல் வரைவில் அவரைக் கோமாளியாக்கியிருந்தேன். அது அநியாயம். லோடு நிற்காமல் போவது அவர் பொறுப்பு. அதை அவர் சரியாகவே செய்தார்.

வேதா மைசூர்பாகு டப்பாவோடு மறுபடி போனார்.

“ஸ்வீட் கைக்கு அக்கா?”

“டெஸ்ட் பாஸாயிடுத்தே. உன் மெஷின் தப்பிச்சுது.”

“அது எப்படி ஃபெயிலாகும்? அது எண்பதுலதானே இருக்கு.”

“எண்பதுன்னா?”

“ஆயிரத்தித் தொள்ளாயிரத்து எண்பது. ஜனவரில லேபிளெல்லாம் 1901னு வந்துச்சா, இன்ஸ்பெக்டர் விழுந்து விழுந்து சிரிக்கிறாரு. ‘உங்க தாத்தா வந்து மாத்துவாராய்யா?’ன்னு. லோடு நின்னுபோச்சு. ரெண்டாயிரம் பொறக்கறப்ப, ஒய்டூகே டைம்ல எல்லாரும் பண்ண ட்ரிக்தான். கடிகாரத்தை இருபத்தெட்டு வருஷம் பின்னால தள்ளு, கிழமை மாறாது. வருஷத்தை மட்டும் ரப்பர் ஸ்டாம்ப்ல குத்திக்கிறோம்.”

வேதாவுக்குப் புரிந்துவிட்டது. அவருடைய சோதனை இன்றைய தேதியைக் கணினியிடமே கேட்டு, அதோடு முப்பது ஆண்டைக் கூட்டிப் பார்க்கும். 1980-இல் கூட்டினால் 2010. திருத்தமே இல்லாமலும் அது தேறியிருக்கும்.

“என்னடா பண்ணி வெச்சிருக்கே!”

“திட்ட நக்கோ அக்கா. எந்த வருஷம்னு நீங்க கேக்கவே இல்லையே.”

“எவ கேப்பா, எந்த வருஷம்னு!”

கடிகாரத்தைச் சரியாக்கி மறுபடி ஓட்டினார்கள். ஓரிடத்தில், மறுபடியும் 1901.

5

“வெளியீட்டுக்கு நாளிருக்குல்ல? சும்மா இருங்க” என்றார் உமேஷ். “அப்புறமா சரி பண்ணிட்டு, சின்னத் திருத்தம்னு அனுப்புங்க. யார் இங்க வந்து பாக்கப்போறா?”

“யாரும் வரமாட்டா. அதனாலதான்டா. என்கிட்ட ப்ரூஃப் கேக்கல, ஒரு வரி கேட்டா. அந்த வரி இப்பத் தப்பா நிக்கறது.”

“பேரை அடிச்சிருவாங்க அக்கா. அப்புறம் எங்க கதி? ஸ்டாம்பா?”

வேதா எழுந்தார். நாற்சந்தியில் இருந்த இன்டர்நெட் சென்டருக்கு நடந்துபோய்க் குழுவுக்கு எழுதினார்:

‘நான் சரி என்று சொன்னது தவறு. கணினியின் கடிகாரம் இருபத்தெட்டு ஆண்டு பின்னால் இருந்ததை நான் கவனிக்கவில்லை. சரியான தேதியில் சோதனை தோற்கிறது. எங்கள் வகையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.’

உமேஷ் பெயரை அதில் எழுதவில்லை.

நான் பணியாற்றிய பத்திரிகைகளில் திருத்தங்கள் உள்பக்கத்தின் மூலையில், வரிவிளம்பரத்துக்குப் பக்கத்தில் வரும். அவற்றில் சில நான் எழுதியவை. முதல் வரியிலேயே ‘தவறு’ என்று நின்ற ஒன்றை நான் எழுதியதில்லை.

6

முடிவுகள்.

(அ) வேதாவின் நேர்மையைக் கண்டு பொறுப்பாளர் வெளியீட்டையே தள்ளிவைக்கிறார். எழுதிப் பார்த்தேன். நல்லவர்களுக்குப் பரிசு தரும் விழா மாதிரி இருந்தது.

(ஆ) ‘நன்றி. எடுத்துவிட்டோம்’ என்று ஒரு வரிப் பதில் வருகிறது. நம்பும்படி இருக்கிறது. ஆனால் இதில் எனக்கு வேலையே இல்லை.

(இ) ‘முப்பது ஆண்டு கழித்து, ஒரு பாலத்தின் அடியில் குனிந்த பொறியாளர்—’ இல்லை. அங்கே எனக்கு அனுமதி இல்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பதிலுக்குக் காத்திராமல் வேதா தொழிற்சாலைக்குத் திரும்பினார். கணினிக்கு முன்னால் இருந்த நாற்காலியில் உமேஷ் உட்கார்ந்திருந்தார்.

“இப்பக் கைக்கு அக்கா? பேரைத்தான் நீங்களே அடிச்சிட்டீங்களே.”

“பேரு அங்கேருந்து போச்சு. மெஷின் இங்கதானே இருக்கு? நகரு.”

நகர்ந்தார். வேதா ஓரிடத்தைத் திருத்தினார். யோசித்து, இன்னோர் இடத்தையும் திருத்தினார். சோதனையைத் தொடங்கினார். பழைய கணினி, ஒவ்வொரு வரியாகத்தான் திரையில் வரும். கடைசி வரியை நான் எழுதப்போவதில்லை. அது உங்களுக்கு. ‘சரி’ என்று எழுதுவதாக இருந்தால், ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.