ஜோடிக்காரன் வண்டி

இங்கிலாந்தில், பெட்ஃபோர்டில் கலோஜெரோ ஸ்பினெல்லியின் சலூனுக்கு நாற்பது வருடமாக வந்துபோகும் குர்ணாம் சிங், இதுவரை அங்கே ஒரு முடிகூட வெட்டிக்கொண்டதில்லை. தலைப்பாகையும் தாடியுமாக வருவார். ஜன்னலோர நாற்காலியில் உட்காருவார், ஓசிக் காப்பி குடிப்பார், சண்டை போடுவார், எழுந்து போவார். அந்த நாற்காலியில் விவரம் தெரியாமல் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் கலோஜெரோவே வந்து எழுப்பிவிடுவார். எதிர்த்துப் பேச ஆளே இல்லாத கடையில் அரசியல் பேசி என்ன பிரயோஜனம்?

இருவரும் பழகியது செங்கல் சூளையில். கலோஜெரோ பதினெட்டு வயதில் சிசிலியிலிருந்து வந்தவர். நேப்பிள்ஸில் பல்லைப் பிடித்துப் பார்த்து, நெஞ்சைத் தட்டிப் பார்த்து, நான்கு வருடம் சூளையை விட்டு நகரமாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு ரயிலேற்றினார்கள். குர்ணாம் பஞ்சாபிலிருந்து இரண்டு வருடம் கழித்து வந்தார். வெந்த கல்லைச் சூடு ஆறும் முன்பே உள்ளே போய் எடுத்து, தள்ளுவண்டியில் அடுக்கி, வெளியே இழுத்து வரவேண்டும். இரண்டிரண்டு பேராக ஜோடி. ஜோடியில் ஒருவன் கை வெந்து உட்கார்ந்துவிட்டால், மற்றவன் அவனுடைய வண்டியைத்தான் முதலில் இழுப்பான், தன்னுடையது அப்புறம்தான். அடுக்குவதையும் அவன் அடுக்குகிற மாதிரியே அடுக்கவேண்டும். இதற்கு நன்றி சொல்வது சூளையில் பெரிய அவமரியாதை. டீ வாங்கிக் கொடுத்தால் கணக்கு முடிந்தது.

சூளையை மூடி எத்தனையோ காலமாகிவிட்டது. இப்போது எழுபத்தைந்து வயதிலும் கலோஜெரோ கத்தரியைக் கீழே வைக்கவில்லை, வாயையும் மூடவில்லை. அந்த வருடம் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, வெளியேறுவதா என்று நாடே ஓட்டுப் போடப்போகிறது என்றதும் மனிதருக்குப் பத்து வயது குறைந்துபோனது. கடைக் கண்ணாடியில் 'வெளியேறுவோம்' என்று ஒரு சிவப்புத் தாளை ஒட்டினார். மறுநாளே குர்ணாம் தன் கார் கண்ணாடியில் 'இருப்போம்' என்று ஒட்டி, அந்தக் காரைச் சரியாகச் சலூனுக்கு நேர் எதிரே கொண்டுவந்து நிறுத்தினார்.

"வாரா வாரம் பிரஸ்ஸல்ஸுக்கு எவ்வளவு பணம் கொட்டிக் குடுக்கறோம் தெரியுமா உனக்கு?" கலோஜெரோ, சோப்பு நுரையில் கிடந்த ட்ரெவரின் கன்னத்தைச் சவரக்கத்தியால் வழித்துக்கொண்டே கேட்டார். ட்ரெவர் லாரி ஓட்டுபவர். கத்தி தொண்டைக்கிட்ட இருந்ததால் கருத்துச் சொல்லவில்லை.

"வெளியேறணும்கிறவன் பஸ்ஸுல எழுதிக்கிட்டுப் போறானே, அதத்தானே சொல்ற?" என்றார் குர்ணாம். "பஸ்ஸுல பல்பொடி விளம்பரம்கூடத்தான் வருது. என் பையன் ஹாலந்துக்கு உதிரிபாகம் ஏத்தி அனுப்பறான். இன்னிக்கு ஏத்தினா நாளைக்கு இறங்குது. நடுவுல ஒரு கேட்டப் போட்டா லாரி வரிசையில நிக்கும். நிக்கற லாரிக்கு நீயா காசு குடுப்ப?"

"ஹாலந்துக்காரன் வேணாம்னா வேற எவனாவது வாங்கிட்டுப் போறான். உலகம் பெருசு, சர்தார்."

"உன் காப்பி மெஷின் எங்கேருந்து வந்தது? மிலான். கத்தி? ஜெர்மனி. நாளைக்கு எல்லாத்துக்கும் வரியப் போட்டா, ஓசிக் காப்பிய நிறுத்திடுவ. எனக்கு அந்தக் கவலை."

ட்ரெவருக்குச் சிரிப்பு வந்தது. கலோஜெரோ கத்தியைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார்.

"காச விடு. ஆள் வர்றதப் பாரு. நாம எப்படி வந்தோம்? மாட்டப் பாக்கற மாதிரி பல்லப் பாத்தான். போர்க் கைதிங்கள அடைச்சு வெச்ச தகரக் கொட்டாயில படுக்க வெச்சான். அதுக்கும் மேல நாலு வருஷ ஒப்பந்தம். இப்ப வர்றவன் இருபது பவுண்டு டிக்கெட்ல பொட்டியோட இறங்கறான். டாக்டரப் பாக்க மூணு வாரம் ஆகுது. கூலிய இறக்கிட்டான்."

"சூளையில நாம வந்தப்ப இங்கிலீஷ்காரனும் இதத்தான்யா சொன்னான். கூலிய இறக்க வந்தவன்னு உன்னத்தான் சொன்னான். என்னச் சொன்னது இன்னும் மோசம், அது கடையில சொல்ற வார்த்தையில்ல."

"அது வேற."

தோற்கிற இடம் வந்தால் கலோஜெரோ கையில் எடுக்கிற ஆயுதம் அது. அதற்கப்புறம் எதிராளி என்ன சொன்னாலும் அது வேறுதான். அடுத்த ஆயுதமும் தயாராக இருந்தது.

"மொதல்ல நீ இந்தியப் பாஸ்போர்ட்ட வெச்சுக்கிட்டு இங்க வாயப் பேசாத. அம்பத்தஞ்சு வருஷமா நீ குடித்தனக்காரன். நான் வீட்டுக்காரன்."

"உன்னோடது மட்டும் இங்கிலீஷ் பாஸ்போர்ட்டா?"

"இத்தாலி. ஐரோப்பா பாஸ்போர்ட். அது வேற."

கலோஜெரோ பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கவில்லை. ஆயிரம் பவுண்டு கட்டி, ராணி படத்துக்குக் கீழே நின்று, தான் இந்த ஊர்க்காரன் என்பதைக் கவுன்சில் ஆபீஸ் பொடியன் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. வரி கட்டுகிறார், பாதி ஊருக்கு முடி வெட்டியிருக்கிறார், கவுன்சில் தேர்தல் ஒன்றுவிடாமல் ஓட்டுப் போட்டிருக்கிறார். பாராளுமன்றத் தேர்தலுக்கு மட்டும் எந்தக் காலத்திலும் போகமாட்டார். திருடனைத் தேர்ந்தெடுக்க வரிசையில் நிற்பானேன் என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கையைக் கடைக்கு வந்த எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார்.

ஓட்டு நாள் நெருங்கியது. ஊரில் எல்லோருக்கும் ஓட்டு அட்டை வந்தது, கலோஜெரோவுக்கு வரவில்லை. கடை மாடியில் வாடகைக்கு இருக்கும் மிஹாயெலா மேல் சந்தேகம் போனது. ருமேனியாக்காரி, முதியோர் இல்லத்தில் வேலை. தபால் பெட்டி இரண்டு பேருக்கும் ஒன்று.

"ஏம்மா, என் ஓட்டு அட்டை உன் தபாலோட கலந்து வந்துடுச்சா?"

"இல்லீங்களே. எங்களுக்கெல்லாம் ஓட்டு இல்லையே."

"உங்களுக்கு இல்ல, சரி. எனக்கு உண்டு." அவள் பார்வை கண்ணாடியில் இருந்த சிவப்புத் தாளுக்குப் போனதைப் பார்த்ததும் கலோஜெரோவுக்குக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. நல்ல பெண். அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டபோது சூப் வைத்துக் கொடுத்தவள். "உன்னச் சொல்லலம்மா. நீ உழைக்கிற பொண்ணு."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க" என்றாள் மிஹாயெலா. கோபமாகச் சொல்லவில்லை, வேலைக்கு நேரமாகிவிட்டதால் போனாள்.

அட்டை இல்லாவிட்டாலும் பெயரும் முகவரியும் சொன்னால் போதும் என்று ரேடியோவில் சொன்னார்கள். ஓட்டு நாளன்று காலையிலேயே கலோஜெரோ கடையைப் பூட்டி, சாம்பல் நிறக் கோட்டும் டையும் போட்டுக்கொண்டார். தூறலில் ஒரே குடைக்குள் இருவரும் ஓட்டுச்சாவடி இருந்த சர்ச் கூடத்துக்கு நடந்தார்கள். ஒருவர் ஓட்டு மற்றவர் ஓட்டை அடித்துவிடும், பேசாமல் வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்று குர்ணாம் சொல்ல, பயமா என்று கலோஜெரோ கேட்டார்.

மேஜைக்குப் பின்னால் ஹிலரி பார்ஜெட்டர் இருந்தார். அவர் கணவருக்கு முப்பது வருடமாகக் கலோஜெரோதான் முடி வெட்டுகிறார். ஹிலரி சிரித்துக்கொண்டே பட்டியலில் விரலை ஓட்டினார். விரல் நின்றது, சிரிப்பும் நின்றது.

"கலோ, இதுக்கு நீங்க போட முடியாதே."

"ஏன்? போன மாசம் போலீஸ் கமிஷனர் தேர்தலுக்கு இதே மேஜையில நீதானே சீட்டுக் குடுத்த?"

"அது வேற கலோ. அதுக்கும் கவுன்சிலுக்கும் ஐரோப்பாக்காரங்க போடலாம். இது பிரிட்டிஷ்காரங்க, அயர்லாந்துக்காரங்க, காமன்வெல்த்துக்காரங்க, இவங்களுக்கு மட்டும்தான்."

"ஐரோப்பாக்காரனா? நான் இங்க வந்தப்ப நீ பொறக்கவே இல்ல."

"தெரியும் கலோ." ஹிலரிக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "சட்டம் அப்படி இருக்கு. உங்களச் சொல்லல யாரும்."

வரிசையில் பின்னால் நின்றவர்கள் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலோஜெரோவுக்கு அவமானமாக இருந்தது. அந்த வயதில் அப்படி ஓர் அவமானம் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. டையைத் தளர்த்திக்கொண்டார். ஒதுங்கி நின்றார். குர்ணாம் தயங்கித் தயங்கி முன்னால் வந்து தன் பெயரைச் சொன்னார். இந்தியா காமன்வெல்த் நாடு, ஹிலரி மறுபேச்சில்லாமல் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

குடித்தனக்காரனுக்கு ஓட்டு உண்டு. வீட்டுக்காரனுக்கு இல்லை.

வெளியே நனைந்த பெஞ்சில் கலோஜெரோ போய் உட்கார்ந்தார். முதலில் கோபம்தான் வந்தது. ஹிலரி மேல், கவுன்சில் மேல், ஓட்டுக் குறி போட மூலையில் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்த பென்சில் மேல்கூட. பிறகு வழக்கம்போல வாதம் செய்ய ஆரம்பித்தார், இந்தத் தடவை எதிரே சர்தார் இல்லை. டாக்டர் வாசலில் காத்திருப்பது யார்? போன வாரம் முட்டிக்காக அவரேதான் காத்திருந்தார். கூலியை இறக்க வந்தவன் யார்? பெட்டியோடு இறங்கியவன் யார்? வேறு வேறு என்று இத்தனை நாள் தள்ளிவைத்ததெல்லாம் ஒரே வண்டியில் வந்து அடுக்கிக்கொண்டது. வாதம் என்று வந்துவிட்டால் கலோஜெரோ நேர்மையானவர். தன்னிடம் தானே தோற்றதை ஒத்துக்கொண்டார்.

ஒத்துக்கொண்டதும் மனம் லேசாகிவிட்டது. நல்லவேளை, சர்தார் உள்ளே இருக்கிறான். இருப்போம் என்று போடுவதற்கு இந்த ஊரில் பிடிவாதக்காரன் ஒருவனாவது இருக்கிறான். அவன் வெளியே வந்ததும் சொல்லிவிட வேண்டியதுதான். 'நீ போட்டதுதான் சரி, சர்தார். எனக்கும் சேர்த்துத்தான் போட்டிருக்க.' நாற்பது வருடத்தில் முதல் தடவையாக அப்படிச் சொன்னால் அவன் முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தார். சிரிப்புக்கூட வந்தது.

குர்ணாம் வர நேரமானது. வந்தவர் பெஞ்சில் ஈரத்தைப் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, தாடியைத் தடவிக்கொண்டார். கலோஜெரோ வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"ஒரு சீட்டுதான்யா குடுத்தாங்க. ரெண்டு வண்டி இழுக்க வழியில்ல."

"அதனால?"

"ஜோடிக்காரன் வண்டிதானே முதல்ல. உன்னோடத இழுத்துட்டேன்."

தூறல் கோட்டில் விழுந்துகொண்டிருந்தது. கலோஜெரோ அவரையே பார்த்தார். குர்ணாமின் கார் கண்ணாடியில் இன்னும் அந்த 'இருப்போம்' தாள் ஒட்டியிருக்கும். பையனுக்குத் தெரிந்தால் வீட்டில் சோறு கிடைக்காது.

"எப்படி அடுக்கின?" என்றார் கடைசியில்.

"நீ அடுக்கற மாதிரியே. 'வெளியேறுவோம்'கிற கட்டத்துல. கை கூசத்தான் செஞ்சுது. ஆனா அம்பத்தேழு வருஷம் இங்க கிடந்தவன வெளிய நிறுத்திட்டு, நான் மட்டும் என்னோடதப் போட்டுட்டு வந்தா, உன் கடை நாற்காலியில எப்படிய்யா உட்கார்றது?"

சொல்ல வைத்திருந்த வார்த்தைகளைக் கலோஜெரோ ஒவ்வொன்றாக விழுங்கினார். சொன்னால் இவன் உடைந்துபோவான். மனிதன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை தன் பிடிவாதத்தை விட்டிருக்கிறான், அதுவும் நட்புக்காக. நன்றி சொல்லவும் கூடாது.

"வா" என்று எழுந்தார். "காப்பி வாங்கித் தரேன்."

"உன் கடையிலதான் ஓசியாச்சே?"

"இன்னிக்கு வெளியில. காசு குடுத்து. ரெண்டு கேக்கோட."

வழியில் ட்ரெவர் லாரியிலிருந்து தலையை நீட்டி, "ஜெயிச்சுட்டோம்னு வெச்சுக்கோ கலோ" என்று கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனார். தெருமுனையில் மிஹாயெலா இரவு ஷிஃப்ட் முடிந்து பையோடு வந்துகொண்டிருந்தாள். கோட்டும் டையுமாக இரண்டு கிழவர்களைப் பார்த்ததும் நின்றாள்.

"போட்டாச்சா?" என்றாள்.

"போட்டாச்சு" என்றார் குர்ணாம், தலையை நிமிர்த்தி. "ரெண்டு பேருக்கும் சேர்த்து."

"ஜெயிச்சுடுவீங்களா?"

அவள் கேட்டது கலோஜெரோவைப் பார்த்து. மூன்று மாதமாக இந்தக் கேள்விக்கு அவர் யோசித்துப் பதில் சொன்னதே இல்லை. இப்போதும் ஊர் 'வெளியேறுவோம்' பக்கம்தான் சாய்கிறது என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. அரசியலில் தன் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

"ஜெயிச்சுடுவோம்" என்றார். பிறகு குடையை அவள் தலைக்கு மேல் பிடித்து, "நீயும் வாம்மா, காப்பி குடிக்க" என்றார். நனைந்துகொண்டே நடந்தார்.