நிறுத்தி வைத்த ஆறு நிமிடம்

"மணி அடிக்கலைன்னு நான் சொன்னா, கம்ப்யூட்டர் முழிச்சுட்டுதான் இருந்துச்சுன்னு ஒரு தாளை நீட்டுறாங்கம்மா. முழிச்சுட்டு இருந்தா ஆச்சா? உங்க அண்ணனும்தான் நாள் பூரா முழிச்சுட்டு இருக்காரு. ஒரு வார்த்தை காதுல விழுதா?"

அண்ணி சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. சீருடை இல்லாத நெஞ்சில், நர்ஸ் கடிகாரம் குத்தியிருக்குமிடத்தை விரல் தேடியது. நேற்று மத்தியானம் ஏழாம் படுக்கைப் பெரியவருக்கு இதயம் தடுமாறியபோது, மூடிய அறையின் மானிட்டரிலிருந்து அவள் மேசைக்கு எச்சரிக்கை வரவில்லை. பெரியவர் போய்விட்டார். மணியைக் கவனிக்கவில்லையென்று அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள்.

கேன்டீன் மேசையில் எதிரே இருந்த நாத்தனார், அதே மருத்துவமனையின் நெட்வொர்க்கைப் பார்ப்பவள். வார்டிலிருந்து வரும் ஒவ்வொரு தகவல் பாக்கெட்டையும், நெட்வொர்க்கின் காவலாளியான ஃபயர்வால் வரிசையில் நிறுத்தி, 'விடவா, தடுக்கவா' என்று அவள் எழுதிய புரோகிராமைக் கேட்கும். பதில் வரும்வரை பாக்கெட் நகராது. புரோகிராம் செத்துப்போனால் கேள்வியின்றி எல்லாவற்றையும் விட்டுவிடும்படி அமைத்திருந்தாள். நோயாளிகளின் உயிர் ஓடும் கம்பியாயிற்றே.

நேற்று மத்தியானம் ஒரு பாக்கெட் விசித்திரமாகத் தெரிந்தது. பிரித்துப் பார்க்கும் ஆசையில், ஓடிக்கொண்டிருந்த புரோகிராமை அப்படியே பாதியில் நிறுத்தி வைத்தாள். வீட்டுக் கணினியில் செய்து செய்து பழகிய கை. புரோகிராம் செத்திருந்தால் பாக்கெட்டெல்லாம் தடையின்றிப் போய்ச் சேர்ந்திருக்கும். உயிரோடு நின்றதால் ஃபயர்வால் அதன் பதிலுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தது. ஆறு நிமிடம். வரிசை நிரம்பியபின் வந்ததெல்லாம், ஏழாம் படுக்கையின் எச்சரிக்கை உட்பட, வீணாய்க் கொட்டிப்போனது.

காலையில் மேலதிகாரி கேட்டார்: "புரோகிராம் நேத்து செத்துச்சா?"

"இல்ல சார்."

கேட்டதற்கு மட்டும் பதில். அண்ணியிடம் நீட்டிய அந்தத் தாளை அச்செடுத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

"டீ ஆறுது, அண்ணி."

"ஆறட்டும். அந்தப் பெரியவர் பொண்ணு வந்தா. திட்டுவாளோன்னு பார்த்தேன். ஒண்ணும் பேசல, என் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னா." அண்ணி டம்ளரைத் தள்ளி வைத்தாள். "ராத்திரியெல்லாம் யோசிச்சேன். இப்ப எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா. அடிச்சிருக்குமோ, எனக்குத்தான் கேக்கலையோன்னு."

நாத்தனார் டம்ளரைத் திரும்ப அவள் பக்கம் நகர்த்தினாள்.

"நாளைக்குக் காலையில விசாரணை. அங்க எனக்குன்னு பேச யார் இருக்கா? என் காது நல்லாத்தான் இருக்குன்னு நீயாவது வந்து சொல்லேன்மா."