மேலே ஏறிய புள்ளி

கணினித் திரையில் நானூறு புள்ளிகள் மூன்றே நிமிடத்தில் கட்டடத்தைக் காலி செய்தன. தீப்பிடித்தால் ஊழியர்களும் இப்படித்தான் இறங்குவார்கள் என்று ஆய்வாளர் அடித்துச் சொல்லியிருந்தார். இன்றைய ஒத்திகை அதைப் பொய்யாக்கினால் அவருடைய மென்பொருளை மேலாளர் தூக்கிப் போட்டுவிடுவார்.

மணி அடித்தது. கூட்டம் சமர்த்தாக இறங்கியது. அதோடு இறங்கி இரண்டாம் மாடிக்கு வந்தபோது ஆய்வாளருக்குப் பகீரென்றது. நேரம் பார்க்க வைத்திருந்த ஸ்டாப்வாட்ச் ஐந்தாம் மாடியில், மேசைமேல்! எதிரே வந்தவர்களை முழங்கையால் இடித்துக்கொண்டு அவர் மேலே ஏற, படிக்கட்டு மொத்தமும் அடைத்துக்கொண்டது.

எல்லாம் முடிந்து அவர் கீழே வந்தபோது, பாதுகாப்பு அதிகாரியான மச்சினன் வாசலிலேயே பிடித்துக்கொண்டான். "ஆறு நிமிஷம் ஆச்சு, மாமா. எதுத்து ஏறுன மகராசன் யாருன்னு மேனேஜர் கேக்குறார்."

"வேணும்னுதான்டா ஏறினேன். அது ஒரு சோதனைன்னு சொல்லு."

"சொல்றேன். அக்காகிட்டயும் சொல்லட்டுமா?"

ஆய்வாளர் நேரே போய்க் கணினி முன் உட்கார்ந்தார். ஒரே ஒரு புள்ளியை மட்டும் மேலே ஏறவிட்டார். கட்டடம் காலியாகச் சரியாக ஆறு நிமிடம் பிடித்தது. மென்பொருள் பிழைத்துக்கொண்டது.

அறிக்கையில் அந்தக் கிறுக்குப் புள்ளிக்கு ஒரு பெயர் வைக்க வேண்டியிருந்தது. கொஞ்சமும் யோசிக்காமல் 'மச்சினன்' என்று தட்டினார்.